பக்கக் கண்ணாடி

கலியமூர்த்திக்கு முதலில் போனது
இடது பக்கக் கண்ணாடி.
போனது என்றால் உடையவில்லை.
ஆல்பேட்டை செக்போஸ்டில்
ஒரு பால்காரரின் கேன் எங்கள் வண்டியின் விலாவில் உரசி
தார்ரோடெல்லாம் வெள்ளை.
"எங்கிருந்துடா வந்தான் அவன்?" என்றான்.
பக்கத்திலிருந்துதான்.
எல்லோரும் வருவதுபோல.

போலீஸ்காரர் ஊதச் சொன்னார்.
பாண்டியிலிருந்து வரும் டிரைவரிடம்
வேறென்ன சொல்வார்.
ஊதினான். பூஜ்யம்.
கருவியைத் தட்டிவிட்டு மறுபடி ஊதச் சொன்னார்.
அன்றைக்கு அவன் குடித்தது எனக்குத் தெரியும்,
நான்தான் பிடித்துக் கொடுத்தேன்:
பதினோரு பாட்டில் தண்ணீர்.

கன்னியக்கோயிலில் இறங்குவான்.
கிருமாம்பாக்கத்தில் புளியமரத்துக்குப் பின்னால்.
தவளக்குப்பத்தில் மறுபடியும்.
"ஆபீசுக்குப் போறதா வேணாமா?" என்று
கம்பியைத் தட்டினார்கள்.
"சர்க்கரையா இருக்கும்" என்றது மூணாவது சீட்.
பார்த்தோம், இல்லை.
"தொண்டைக்குள்ள ஒரு சிப்காட்டே எரியுதுடா" என்றான்,
அடுத்த பாட்டிலைத் திறந்தபடி.

அதற்குள் வலது கண்ணாடியும் போயிருந்தது.

நான் கண்டக்டர்.
ஒரு விசில் நில், இரண்டு விசில் போ.
நாங்கள் புதிதாக இரண்டு சேர்த்தோம்.
மூன்று குட்டி விசில்: இடது பக்கம் யாரோ.
ஒரு நீள விசில்: வலது பக்கம்.
பத்தொன்பது நாள்
அறுபது அறுபது பேரை ஏற்றிக்கொண்டு
அப்படித்தான் அரியாங்குப்பம் பாலம் தாண்டினோம்.
முதலாளியிடம் இதைச் சொல்லவில்லை.
அஞ்சலாட்சியிடமும்.
அவன் மகளுக்கு அந்த மாதம் காலேஜ் பீஸ்.

ஜிப்மரில் ஒரு டாக்டரம்மா
இரண்டு கையையும் விரித்து விரலை ஆட்டினார்.
"எந்த விரல் ஆடுது?"
"உங்க மூக்குதாம்மா தெரியுது."

மூளைக்கு அடியில், எலும்பில் குழிந்த ஒரு சீட்.
அதில் பட்டாணி அளவு பிட்யூட்டரி.
தண்ணீரை எங்கே நிறுத்துவது, எப்போது விடுவது,
தூங்கு, எழு, வளர், போதும்,
எல்லாவற்றுக்கும் விசில் அங்கிருந்துதானாம்.
அது வீங்கி
கண்ணுக்குப் போகும் நரம்பை முட்டுகிறது.

சாதாரணக் கட்டி என்றுதான்
மூக்கு வழியாகப் போனார்கள்.
எட்டாம் நாள் சதைத்துண்டின் ரிப்போர்ட்:
லிம்போமா.
"கழுத்துல வரும், அக்குள்ல வரும்.
இந்த இடத்துல ரொம்ப அரிது.
நானே புத்தகத்துலதான் பார்த்திருக்கேன்."
அஞ்சலாட்சி கேட்டாள்,
"அரிதுன்னா நல்லதுங்களா, கெட்டதுங்களா?"
டாக்டரம்மா கொஞ்ச நேரம்
பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

மஞ்சள் மருந்து இறங்கிய ராத்திரிகளில்
உள்ளே போன தண்ணீர், வெளியே வந்தது,
மில்லி மில்லியாக எழுதச் சொன்னார்கள்.
என் பையில் இருந்தது டிரிப் ஷீட்தான்.
ஏறியவர்: முந்நூறு.
இறங்கியவர்: இருநூற்று எண்பது.
நர்ஸ் சிரித்துவிட்டு அதையே ஃபைலில் குத்தினார்.
அவன் மட்டும் சிரிக்கவில்லை.
மே மாதத்தில் கம்பளி கேட்டான்.
பத்தொன்பது நாளைப் பற்றி
ஒரே ஒருமுறை பேசினான்:
"அந்தப் பால்காரருக்குப் பணம் குடுத்தியா?"
குடுத்தேன் என்று பொய் சொன்னேன்.

மூன்றாவது ஸ்கேனில் பாதிக்குமேல் கரைந்திருந்தது.
கரைந்தது திரும்பி வரலாம் என்றும் சொன்னார்கள்.
மாத்திரை சாகும்வரை.
லைசென்ஸ் இல்லை.

நேற்று செக்கப்புக்காக எங்கள் வண்டியில்தான் ஏறினான்.
இடது ஜன்னலோரம்.
காசை நீட்டினான், வாங்கிக்கொண்டு டிக்கெட் கிழித்தேன்.
ஸ்டியரிங்கில் புதுப் பையன், பாட்டு சத்தமாக.
ஆல்பேட்டை வளைவு வந்ததும்
என் வாய் தானாகவே
மூன்று குட்டி விசில் அடித்துவிட்டது.
பையன் சடன்பிரேக் போட்டுத் திரும்பினான்:
"என்னண்ணே?"
வெளியே யாருமில்லை, ஒரு நாய்கூட.

கலியமூர்த்தி ஜன்னலிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னான்,
"யாரும் வரலடா.
பார்த்துட்டேன்."